பெயின்ட் அடித்த கிளாம்பு

கண்ணு தாரணிக்கு,

மூன்று நாளாக, நாம் பேசிவைத்த ஆறு மணிக்கு ரேடியோவில் நீ கூப்பிடும் குரல் இல்லை. மழையில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு காரவள்ளி மலைப்பாதை வளைவுகளில் ஜீப் ஓட்டுகிறாய். டவர் இல்லாத பாதை என்றுதானே முப்பதடி ஏரியலை, நடுவில் கம்பியைக் காயிலாகச் சுற்றி ஆறடிக்குக் குறுக்கி ஜீப்பில் மாட்டினேன்?

"ஏனுங்கப்பா, ஜீப்புக்குத் தூண்டில் கட்டியிருக்கீங்க, மீன் மாட்டுமா?" என்று சிரித்தாய். "புடிக்கலீன்னா கழட்டி வீசு" என்றேன். வீசிவிட்டாய் என்றே நினைத்தேன்.

இன்று, ஏரியலை ஜீப்போடு பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடித்த அதே பெயின்ட்டை அடித்த இன்னொரு கிளாம்பை, மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டரில் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. கிளாம்பு ஜீப்பின் வெறும் இரும்பைத் தொட்டால்தான் ஏரியல் பேசும், பெயின்ட் தடுக்கிறது. நீ கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அப்பா வீம்புக்குப் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாய்.

துருப்பிடிக்கக் கூடாதென்று போன ஞாயிறு அதற்குப் பெயின்ட் அடித்தது யார் என்ற பேச்சு இப்போது வேண்டாம். ஏரியலில் என் கணக்கு சரிதான்.

பஸ்காரரிடம் இதோடு உப்புத்தாள் கொடுத்தனுப்புகிறேன். கிளாம்பைக் கழற்றி, அதன் அடியையும் அது உட்காரும் இடத்தையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய். நேற்றிரவு விடியும்வரை ரேடியோவை அணைக்கவில்லை, இனியும் அணைக்கமாட்டேன்.

கோபம் தீராவிட்டாலும் சரி, திட்டுவதற்காவது கூப்பிடு.

உன் அப்பா