ஜனவரியில் பத்து டிகிரி

இன்று காலை வானொலியில் குளிர் மைனஸ் மூன்று என்றார்கள். பாண் வாட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து அதை நிறுத்தினார். எங்கள் வீட்டில் இப்போது வானிலை அறிக்கையை யாரும் முழுதாகக் கேட்பதில்லை, அண்ணை.

நீங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கே பிரிட்டிஷ்காரர் உங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். உங்கள் அக்கா அமெரிக்காவில் இருந்தார். உங்களைக் களவாய் அங்கே அனுப்ப ஏஜென்சிக்காரன் வேறொருவரின் கடவுச்சீட்டில் உங்கள் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தான். அந்த மனிதர் அயோவாவில் ஒரு சின்ன ஊரில் பத்து வருடமாக இருப்பவராம். "ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேப்பாங்கள் தம்பி. பாடமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் நூலகத்துக்கு ஓடினேன். ஒரு தடித்த அமெரிக்கப் புத்தகத்தில் அந்த ஊர் இருந்தது. முதலில் குடியேறியவர்கள் ஜெர்மன்காரர். ரயில் வந்த பிறகுதான் ஊர் பெருத்தது. சுற்றிலும் சோளம். வசந்தத்தில் சூறாவளி வரும்; சைரன் ஊதினால் வீட்டு நிலவறைக்குள் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவந்து உங்களை வதைத்தேன். பிழை விட்டால் கோடு போடும் அடிமட்டத்தால் விரலில் ஓர் அடி.

"சைரன் ஊதினா?"

"பங்கருக்குள்ள ஓடுவன்."

"பங்கர் இல்லை, நிலவறை! மண்டையில ஒண்டும் ஏறாதா?"

"ரெண்டும் நிலத்துக்குள்ள கிடங்குதானே, ரீச்சர்?"

ஜனவரிக் குளிர் பத்து டிகிரி என்று புத்தகத்தில் இருந்தது. அது ஃபாரன்ஹீட். அந்த வாரம்தான் பள்ளியில் அதைச் சென்டிகிரேடாக மாற்றப் படித்திருந்தோம். மாற்றினேன். மைனஸ் பன்னிரண்டு. புத்தகத்தையே திருத்திவிட்ட பெருமை எனக்கு.

நீங்கள் தயங்கினீர்கள். "புத்தகத்தில பத்து எண்டு கிடக்குதே, பிள்ளை?"

"அது பழைய முறை. மைனஸ் பன்னிரண்டு எண்டு இருவது தரம் சொல்லுங்கோ."

சொன்னீர்கள்.

அமெரிக்க விமான நிலையத்தில் உங்களைத் தடுத்துவைத்த அறையிலிருந்து ஒரே ஓர் அழைப்புக்கு விட்டார்கள். நான்தான் எடுத்தேன்.

"ரீச்சர், ரயில், சோளம், சூறாவளி எல்லாம் சரி. கடைசியா ஜனவரியில என்ன குளிர் எண்டான் ஒரு அமெரிக்கன். சொன்னன். சிரிச்சுக்கொண்டு மற்றவனைக் கூப்பிட்டான். அந்த ஊரில ஒருத்தரும் மைனஸ் பன்னிரண்டு எண்டு சொல்ல மாட்டினமாம். பத்து எண்டுதானாம்."

நான் கொப்பியைப் புரட்டி அந்தக் கணக்கைத் தேடினேன்.

"சரி, அம்மாட்டைக் குடு" என்றீர்கள்.

உங்களைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். மூன்றாம் வாரம், தங்கியிருந்த லொட்ஜில் வைத்து ஆமிக்காரர் பிடித்தார்கள். உடலைக்கூடத் தரவில்லை என்று உங்கள் அக்கா எழுதினார். எங்கள் முன்னறையில் உங்கள் படத்துக்குப் படைத்த அன்று, ஒரு மாமி என் தட்டில் வடையை வைத்தபடி, "இவதானே அவனுக்குப் படிப்பிச்சவ? சரியான கெட்டிக்காரி" என்றார். யாரும் அவரை அதட்டவில்லை. நான் வடையைத் தின்றேன்.

அம்மா, "நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்கிறார். எனக்குத் தெரிந்திருந்தது, அண்ணை. அதுதான் வினை.

அந்தக் கொப்பியை இன்னும் பள்ளிப் பையில் கொண்டுதிரிகிறேன். பத்திலிருந்து முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்திருக்கிறேன். எத்தனையோ தரம் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன்.

விடை சரி.