சிவப்பியின் முகவலை

உங்களுக்குத்தான்,

சோறும் நெத்திலிச் சம்பலும் மேசையில் மூடி இருக்கின்றன. உங்களிடம் பேசப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

ரப்பர் பால்மரம் அழித்த மேட்டில் மேயும்போது சிவப்பிக் குதிரையின் கண்ணில் ஈ மொய்க்கிறதே என்று, பழைய கொசுவலையை வெட்டி முகவலை தைத்தேன். கண்ணில் உரசாமல் எழும்பி நிற்க வேண்டும் என்று மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். நேற்று உங்கள் கூட்டாளி மாயாண்டி வந்து, "என்னா மச்சான், குதிரைக்குக் கண்ண கட்டிட்டியா? பாவம்லா!" என்று சிரித்தார். உடனே நீங்கள் அதைக் கழற்றி வேலியில் வீசினீர்கள். "பொம்பள பேச்சக் கேட்டா இப்படித்தான்" என்றும் சொன்னீர்கள். ரேஸ் லாயத்தில் குதிரை பார்க்கிற உங்களுக்கா தெரியாது, வலைக்குள்ளிருந்து கண் தெரியும் என்று? தெரியும். அவர் சிரித்ததுதான் பொறுக்கவில்லை.

காலையில் அதன் இடது கண் வீங்கி, சீழ் வடிந்து, ஓரமெல்லாம் ஈ அப்பிக் கிடந்தது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் துடைத்து, கொட்டகையில் நிழலில் விட்டிருக்கிறேன். மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஈப்போவுக்கு பஸ் ஏறுகிறேன். நீங்கள் வெயிலில் அவிழ்த்துவிடுவீர்கள் என்று கொட்டகைச் சாவியையும் எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலை

மாயாண்டி வந்தால் கோப்பி கலக்க வேண்டாம். சீனியை ஒளித்துவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வலையைத் துவைத்துக் கதவு ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதை உங்கள் முகத்தில் போட்டுக்கொண்டு, கொட்டகைப் பலகை இடுக்கு வழியாக அந்த இடது கண்ணைப் பாருங்கள். நன்றாகவே தெரியும்.