வடக்கு அறைச் சாவி

சிதம்பரம்
16-7-1964

அன்புள்ள விருத்தாம்பாளுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். தாம்பரத்தில் உட்கார இடமில்லை, விழுப்புரத்தில் கிடைத்தது. நீ சாப்பிடாமல் எனக்கென்று எடுத்து வைத்த இரண்டு ஆரஞ்சையும் அங்கேதான் தின்றேன். இனி அப்படிச் செய்யாதே. ஆஸ்பத்திரியில் உனக்குக் கொடுப்பது உனக்கு.

ஒரு ஆளுக்கு அரிசி போடுவது இன்னும் எனக்குக் கைவரவில்லை. தினமும் மிஞ்சிவிடுகிறது. மறுநாள் பழையதாகச் சாப்பிடுகிறேன்.

பள்ளியில் வேலை ஜாஸ்தி. ஆய்வுக்கூடத்தை ஒழுங்கு செய்கிறோம். அதனால் இந்த மாதம் இன்னொரு தடவை வர முடியாது. வேறொன்றும் இல்லை. வலிக்கிறதென்று ஊசியைத் தள்ளிப்போடாதே.

உன் நலம் நாடும்,
ராமாமிர்தம்

சிதம்பரம்
3-8-1964

அன்புள்ள விருத்தாம்பாளுக்கு,

உன் கார்டு வந்தது. உன்னைப் பார்க்க வந்த உன் தம்பி மணவாளன் பள்ளியில் நடந்த தீ விபத்தைச் சொல்லிவிட்டான் என்றும், ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறாய். வேலை ஜாஸ்தி என்று நான் எழுதியது பொய். இப்போது எனக்கு வேலையே இல்லை. விசாரணை முடியும்வரை நீக்கி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். புதன்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார், ஒரே அலமாரியில் அமிலத்தோடு ஸ்பிரிட்டும் ஈதரும் நிற்கின்றனவே, பிரித்து வையுங்கள் என்றார். நான் ஆறு மாதமாகச் சொல்லிவந்ததுதான். தீப்பற்றும் பாட்டில்களுக்காக வடக்கு அறையைக் கேட்டிருந்தேன். கனத்த சுவர், வெயில் விழாது, காற்று வந்து போகும், பக்கத்தில் அடுப்பு கிடையாது. ஆனால் அதன் ஒரே சாவியை வைத்திருந்த குமாஸ்தா சுப்பிரமணியன் ஒரு துக்கத்துக்காகப் பிச்சாவரம் பக்கம் போய்விட்டார். மறுநாள் விடியலில் உன்னைப் பார்க்க எனக்கு வண்டி.

பாட்டில்களை மதிய உணவுச் சமையலறையை ஒட்டிய தட்டுமுட்டு அறையில் வைத்துப் பூட்டினேன். மேலே தகரக் கூரை. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு, அதன் கீழே நாலு விரல் இடைவெளி. ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும் என்று பத்து வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் நான். தெரிந்தேதான் வைத்தேன். திங்கட்கிழமை காலையில் வந்து மாற்றிவிடலாம், இரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வெயிலில் தகரம் காய்ந்து ஒரு பாட்டிலின் தக்கை எகிறியிருக்கிறது. பதினோரு மணிக்குச் சமையல்காரி குப்பு அடுப்பைத் தூண்டியபோது தரை முழுக்கத் தீ ஓடி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. பியூன் தேவநாதன் கோணிச்சாக்கால் அவளை மூடி, மணலைக் கொட்டி அணைத்திருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் நாற்பது பிள்ளைகள் தட்டோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

குப்புவை நீ பார்த்ததில்லை. கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பம், இங்கே தனியாள். இடது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். விரல்கள் மடங்குமா என்பதுதான் தெரியவில்லை.

நான் வந்து இறங்கியதும் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டார். “அந்தப் பொம்பளதான் கதவத் தொறந்து பாட்டில உருட்டிருச்சின்னு எழுதிக் குடுத்துடுங்க சார். ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது” என்றார். அன்று பகல் முழுவதும் எழுதுவதா வேண்டாமா என்றே அலைந்தேன். வேலை போனால் உன் வைத்தியம் என்னாவது என்ற பயம்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குப்பு கண்ணை மூடிக் கிடந்தாள். விசாரிக்க வந்தவர்களிடம் அவள் சொன்னதை நர்ஸ் என்னிடம் சொன்னாள்: “சார் மேல ஒண்ணும் எழுதாதீங்க. அவுங்க சம்சாரம் ஒடம்பு முடியாம கெடக்குது, பாக்கப் போனவுங்க.”

அதற்குப் பிறகு அவள் பெயரில் எப்படிப் பொய் எழுதுவேன்? புதன்கிழமை காலையில், ஊர் திரும்பிய சுப்பிரமணியனிடம் சாவி வாங்கி, மீதிப் பாட்டில்களை வடக்கு அறையில் மணல் பரப்பிய தட்டுகளில் நிறுத்தி, பெயர் ஒட்டி, இன்னொரு சாவி செய்யச் சொல்லி அதைத் தேவநாதனிடம் கொடுத்தேன். பிறகு அதிகாரி முன்னால், வைத்தது நான், ஆபத்து தெரிந்தே வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் உன்னிடம் வர முடியவில்லை. தினமும் குப்புவுக்குக் கஞ்சி கொண்டுபோகிறேன். வாங்கிக்கொள்கிறாள், அதிகம் பேசுவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்கள். பால்காரி தில்லையம்மாள் வந்தால் ஏதாவது கேட்டு நிறுத்தி வைத்துக்கொள்கிறேன். மாடு எப்போது கன்று போடும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். அவள் போய்விட்டால் அன்றைக்குப் பேச வேறு ஆள் கிடையாது.

நீ தேதியைக் கூட்டிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் பையை எடுத்தபோது, இருமலுக்கு நடுவே, “நாளைக்கு ஒரு நாள் இருங்களேன்” என்றாய். கல்யாணமான எட்டு வருஷத்தில் நீ உனக்கென்று கேட்ட முதல் காரியம் அது. இருந்தேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில் உனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சிக்கெடுக்கத் தெரியவில்லை என்று சிரித்தாய்.

தப்பு நடந்தது வெள்ளிக்கிழமை, என் கையால். திங்கட்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ கேட்டதால்தான் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்துவிடாதே, விருத்தாம்பாள். எனக்கு இருப்பது அந்த ஒரு பகல்தான். அதை அழுது கெடுத்துவிடாதே.

உத்தரவு நீங்கிய அன்றே புறப்படுகிறேன். அப்போதும் என்னை இருக்கச் சொல். கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொள்ளாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
ராமாமிர்தம்