சொல்லாமல் விட்ட மிளகும் நெய்யும்

ஐந்தருவி
12-7-1961

அன்பு மகன் நம்பிராஜனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், பம்பாய் மழையில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் குற்றாலநாதர் காப்பாற்றட்டும். யார் கையெழுத்து என்று திகைக்காதே, என்னுடையதுதான். முதியோர் பள்ளியில் ரெபேக்காள் டீச்சரிடம் நாலு மாதம் படித்தேன், இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று, எழுதிய வரியை நானே வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. சாரல் நன்றாக விழுகிறது, நம் மருந்துக் கடையில் கூட்டம்.

ஆனால் சிரித்துக்கொண்டு எழுத முடியாத ஒன்று இருக்கிறது. நம் முட்டுவலி மஞ்சள் பொடியை உன் கல்லூரியில் சோதிக்க வேண்டும், எப்படிக் கொடுப்பது என்று மாசியில் கேட்டாய். தண்ணீரில் கலக்கிக் கொடு என்று எழுதச் சொன்னேன். அது பொய். எழுதித் தந்தது பக்கத்துக் கடை மந்திரமூர்த்தி, அவனும் மருந்துப் பொடி விற்கிறவன், நம் பக்குவம் அவன் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். நீ சின்னதிலேயே கடையத்துக்குப் படிக்கப் போனவன், உனக்கும் நான் காட்டியதில்லை. பங்குனியில் உன் பதில் வந்தது, அதையும் அவன்தான் வாசித்தான். முயலுக்குக் கொடுத்த மருந்து ரத்தத்தில் சேராமல் புழுக்கையோடு வந்துவிட்டது, உன் அப்பா விற்பது மஞ்சள் மண்ணா என்று பெரிய சார் எல்லார் முன்னாலும் கேட்டார், இனி ஊர் மருந்து என்று வாய் திறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு அவன், "அண்ணாச்சி, மகன்கிட்ட மிளகையும் நெய்யையும் சொல்லலியா? நீரு மிளகு இடிச்சு நெய் காய்ச்சுத வாசம் பத்து வருசமா என் கடைக்குள்ளதான வருது, எனக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாண்டாமா" என்றான். நான் எழுதிப் போடட்டா என்றும் கேட்டான். வேண்டாம், என் பொய்யை நானே எழுதுவேன் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அவனை விட்டிருந்தால் நாலு நாளில் உனக்குத் தெரிந்திருக்கும், நாலு மாதம் உன்னைத் தலைகுனிய வைத்ததும் என் வீம்புதான்.

இப்போது கேள். மஞ்சள் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கும். கையில் ஏறிய மஞ்சள் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய் தொட்டால் இறங்கும், செய்து பார். பசுநெய்யை இளஞ்சூடாக்கி, அதில் பொடியை மை போல இழைத்து, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு மிளகு சேர். நெய்தான் அதைக் குடலைத் தாண்டிக் கொண்டுபோகும், மிளகு இல்லாவிட்டால் உடம்பில் தங்காது. இந்தக் கடிதத்தையே சாரிடம் காட்டு, தப்பு மருந்தில் இல்லை, என் அப்பா மறைத்துவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொல். என்னை மன்னித்துவிடு ஐயா.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, இனி நானே வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
குத்தாலிங்கம்

தபாலில் போடுமுன் மந்திரமூர்த்தியிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன். மிளகு பத்துக்கு ஒன்று என்பது மட்டும் அவனுக்குத் தெரியாதாம். இப்போது தெரியும்.