நரசிங் ராவ் கேட்ட கேள்வி

திருமுல்கேரி,
3 ஜூலை 2024

அன்புள்ள சௌம்யாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு அஸ்வினியோடு ஏ.எஸ்.ராவ் நகருக்குத் தனியாகப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. வார்டுக்குள் போன் கூடாது, ஒருவருக்குத்தான் அனுமதி என்கிறார்கள். அதனால் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். நேரில் என்றால் இந்நேரம் சண்டை போட்டிருப்போம்.

நம் அஸ்வினிக்கு இதயத்தை மாற்ற வேண்டும், சரி. அதற்குப் பெயர் பதியாமல் நுரையீரலுக்கு ஏன் மாத்திரை கொடுக்கிறார்கள்? ரசம் சாப்பிட்டாளா?

உலகநாதன்

ஆஸ்பத்திரி,
4 ஜூலை

அஸ்வினி அப்பாவுக்கு,

ரசத்தை மோந்து பார்த்துவிட்டு, "டாடி ரசம் நக்கோ, வேணாம்" என்றாள். என் மகள்.

அவள் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கின்றனவாம். எவ்வளவு நல்ல இதயம் வைத்தாலும் அந்த இறுக்கத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளிக் களைத்துப்போய் நின்றுவிடும் என்கிறார் டாக்டர். வீட்டில் துருப்பிடித்த தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டுப் புது மோட்டாரை மாட்டி, அதையும் புகைய விட்டீர்களே, அந்தக் கதைதான். மாத்திரையில் குழாய்கள் இளகினால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாத்திரை இங்கே தீர்ந்துவிட்டது. சீட்டு பையில் இருக்கிறது.

சௌம்யா

திருமுல்கேரி,
5 ஜூலை

அன்புள்ள சௌம்யா,

அடிப்பாவி! என்ன மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தெருமுனை மருந்துக்கடை நரசிங் ராவ் மருந்தின் பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார். கடையே கேட்கிற மாதிரி, "கைக்கு சார், எதுக்கு வெட்கம்? மேடம் திரும்பி வந்துட்டாங்களா?" என்றார். ஆண்கள் வேறு காரியத்துக்கு வாங்கும் மாத்திரையாமே! பின்னால் நின்ற ரிட்டயர்டு சுபேதார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சீட்டில் குழந்தையின் வயதைக் காட்டினேன். ராவின் முகம் மாறிவிட்டது. மாத்திரையைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்துக் கொடுத்தார். ஆனால் மேடம் வந்துவிட்டார்களா என்ற கேள்வியை அவர் விடவில்லை. நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

உலகநாதன்

ஆஸ்பத்திரி,
9 ஆகஸ்ட்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று தொடை வழியாகக் குழாய் விட்டு நுரையீரல் ரத்த அழுத்தத்தை மறுபடி அளந்தார்கள். இறுக்கம் குறைந்திருக்கிறது! பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நர்ஸைக் கட்டிக்கொண்டு அழுதேன். இனி இதயம் வர வேண்டும். அது எந்த வீட்டுப் பிள்ளையுடையதோ என்று நினைத்தால் வேண்டிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

அதுவரை மாத்திரையோடு வீட்டில் இருக்கலாமாம். எப்போது கூப்பிட்டாலும் உடனே வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் திருமுல்கேரிதான் பக்கம். அதற்காகத்தான் அங்கே வருகிறோம், நீங்களாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்தத் துருப்பிடித்த குழாயை முதலில் மாற்றுங்கள். ரசம் இன்னமும் நக்கோதான்.

எங்களைக் கூட்டிப்போக வரும் வழியில் அடுத்த மாதத்து மாத்திரையையும் வாங்கிவிடுங்கள். நரசிங் ராவ் மறுபடி கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
சௌம்யா