பட்டைத் தண்ணியும் மூக்குச் சொம்பும்

என் அருமை நங்கையாவுக்கு,

வெளியூர்க்காரர்கள் அண்ணன் மனைவியை அண்ணி என்பார்கள். நமக்கு நங்கையாதான். நீங்கள் போய்ச் சேர்ந்து மாதம் இரண்டாகிறது, இன்னமும் அடுப்படியில் நின்றபடி 'நங்கையா' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் நினைவு வருகிறது. இன்று உங்களுக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து கேளுங்கள்.

நீங்கள் குன்னூரிலிருந்து துடியலூருக்குக் கல்யாணமாகி வந்தபோது, சீரோடு சீராக ஒரு பீங்கான் டீப்பாத்திரமும் வந்தது. வெள்ளை உடம்பில் நீலப் பூ, வளைந்த மூக்கு, தலைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த குல்லாய். உங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர், அவர் கொடுத்தது. எங்கள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்குச் சொம்பு நல்லாத்தானிருக்குது" என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

நீங்கள் டீப் போடுவதை வேடிக்கை பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். முதலில் சொம்புக்கு வெந்நீர் வார்த்துக் குளிப்பாட்டுவீர்கள். பிறகு ஆளுக்கு ஒரு கரண்டித் தூள், சொம்புக்கு என்று தனியாக ஒரு கரண்டி. "ஏம்புள்ள, பாத்தரமும் டீக் குடிக்குமா?" என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? பிறகு கொதிநீர் ஊற்றி, குல்லாய் மாட்டி, யாரும் தொடக்கூடாது என்று காவல் இருப்பீர்கள். பால் தனி, சர்க்கரை தனி.

எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? என் எனாமல் குவளையில் தூளையும் நாட்டுச் சர்க்கரையையும் போட்டு, கொதிக்கிற பாலும் தண்ணீரும் மேலாக ஊற்றி, ஒரு தட்டால் மூடினால் முடிந்தது. தூள் அடியில் படியும். படியாதது பல்லில் படியும்.

"இது டீயில்ல அம்மணி, கசாயம்" என்பீர்கள்.

"உங்க சொம்பு குளிச்சு முடிக்கறதுக்குள்ள நான் குடிச்சுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துருவனுங்க" என்பேன். மில்லிலிருந்து வரும் அண்ணன்தான் பாவம். யார் டீயைக் குடித்தாலும் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் அவர் மோர் குடிக்கப் பழகிக்கொண்டார்.

பல்லடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன். அந்த மாப்பிள்ளையை நான் முன்பே பார்த்திருந்தது உங்கள் ஒருத்திக்குத்தான் தெரியும். கிணத்துக்கடவுச் சித்தி வீட்டுக் கல்யாணப் பந்தியில், என் இலையில் ரசம் ஓடப் பார்த்தபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டு இலை நுனியை மடித்துக் கொடுத்துப் போனவர். அவரைத் தவிர வேறொருவரைக் கட்ட மாட்டேன் என்று உங்கள் மடியில் படுத்து அழுதிருக்கிறேன். ஆனால் அவர் அப்பா கெடுபிடியானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுக்கத் தாமதமானதற்கே சம்பந்தம் வேண்டாமென்று எழுந்து வந்தவராம்.

அன்று உங்கள் கைவரிசை முழுவதையும் காட்டினீர்கள். சந்தகை, தேங்காய்ப்பால், ஒப்பிட்டு. டீ உங்கள் சொம்பில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். என் குவளையைப் பரண் மேல் ஏற்றிவிட்டீர்கள். சொம்பில் டீயை ஊற வைத்து, குல்லாயை எடுத்துவிட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி வாசலோரம் முக்காலியில் கொண்டுபோய் வைத்தீர்கள். பேச்சு வளர்ந்து வளர்ந்து, டீ கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிட்டது.

பெரியவர் சாப்பிட்டு முடித்து எழுந்தார். கையெல்லாம் தேங்காய்ப்பால். சுற்றிப் பார்த்தார். வாசலோரம், மூக்கு வைத்த சொம்பு. வேறெதற்கு வைத்திருப்பார்கள்? இடக்கையால் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கிச் சரித்துக் கை கழுவத் தொடங்கிவிட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது.

"என்ன அம்மணி, தண்ணி செவந்திருக்குது?" என்றார்.

நீங்கள் கண் இமைக்கவில்லை. "பட்டை போட்டுக் காய்ச்சின தண்ணிங்க மாமா. விருந்தாளி வந்தாக் கை மணக்கோணுமுங்க. எங்கூர்ப் பக்கம் அப்படித்தானுங்க" என்று துண்டை நீட்டினீர்கள்.

அடுத்து அவர் மகன் எழுந்தார். சொம்பை வாங்கினார், முகர்ந்தார், ஒரு கணம் உங்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒன்றும் காட்டாமல் மிச்சமிருந்த டீ முழுவதிலும் கையைக் கழுவினார். இவரைத்தான் கட்டுவது என்று நான் இரண்டாம் முறையாக முடிவு செய்தது அப்போதுதான்.

அடுப்படிக்குள் ஓடி வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வேறு. "சொம்பு காலியாப் போச்சு கண்ணு. உன்ற கசாயத்தைப் போடு, சீக்கிரம்" என்றீர்கள். பரண் மேலிருந்து குவளை இறங்கியது. மற்றவர்களுக்கு டம்ளர்களிலேயே தூளைப் போட்டு ஊற்றினேன். பெரியவர் குடித்துவிட்டு, "டீன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்றார். உங்கள் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கல்யாணம் நடந்தது. வினையும் கூடவே வந்தது. நீங்கள் முதல்முறை பல்லடம் வந்தபோது, என் மாமனாராகிவிட்ட பெரியவர் கோயமுத்தூர் டவுனுக்கே போய் ஒரு பீங்கான் மூக்குச் சொம்பு வாங்கி வைத்திருந்தார். அதில் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். "நம்ம துடியலூர் அம்மணிக்கு அவிய ஊர் வழக்கம்" என்று தன் கையாலேயே உங்களுக்கு ஊற்றினார். அதற்குப் பிறகு நீங்கள் வந்த போதெல்லாம் அப்படித்தான். நாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கை கழுவப் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

ஆனால் உங்களுக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. "பெரிய மனுசனை ஏமாத்திப்போட்டேனே அம்மணி. தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நெனைப்பாரு?" என்று படுக்கையில் கிடந்தபோதுகூடக் கேட்டீர்கள்.

அதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது.

போன வாரம் அண்ணன் உங்கள் சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டார். கொண்டுவந்து அடுப்படியில் வைத்தேன். மாமா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏனம்மணி, அதுல ஒருக்கா டீப் போட்டுக் குடு. கையில ஊத்தாத, டம்ளர்ல ஊத்து" என்றார்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"கையில ஊத்துன ஒடனே வாசம் மூக்குல ஏறிப்போச்சு. அதுக்குள்ள அந்தப் புள்ள பட்டைத் தண்ணின்னு சொல்லிப்போட்டுது. எனக்குத் தலைகுனிவு வரக்கூடாதுன்னு சொன்ன பொய்யி. அதைப் போயி இல்லைன்னு சொல்லுவனா? இப்படி ஒரு புள்ள வாழற ஊட்டுலதான் பொண்ணெடுக்கோணும்னு அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க மாமா இத்தனை வருசமாப் பட்டையெல்லாம் போட்டு..."

"நாமளும் அப்படிச் செஞ்சுபோட்டா அது சொன்னது பொய்யில்லையே" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சொம்பைக் குளிப்பாட்டினேன். சொம்புக்கு என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன். குல்லாய் மாட்டி, நீங்கள் நிற்பது போலவே பக்கத்தில் காவல் நின்றேன். மாமா ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு. "அடடா. இதுலயா அன்னைக்குக் கையைக் கழுவுனேன்" என்றார்.

ஜெயித்துவிட்டீர்கள் நங்கையா. கேட்க நீங்கள் இல்லையே என்பதுதான் வலிக்கிறது. நான் இன்னமும் குவளைக் கட்சிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன்: இந்த வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் டீ உங்கள் சொம்பில்தான். தெரியாமல் யாராவது அதில் கை கழுவினால், பட்டைத் தண்ணி என்று சொல்லித் துண்டை நீட்டுவேன்.

உங்கள் மடியில் அழுது, உங்கள் பொய்யால் வாழ்கிற
உங்கள் நாத்தனார் சரசு,
பல்லடம்.