அந்தோணியார் எண்ணெயில் ஓடிய லோரி

ஜூன் 9, புதன். 2603
(ஜப்பான்காரன் கணக்கு. வீட்டில் என் மனைவி செசிலிக்கு இன்னும் 1943தான்.)

மழை. மூன்று நாளாய்ச் சளி. மூக்கு இரண்டும் அடைப்பு. கஞ்சி எது, கருவாடு எது, தெரியவில்லை.

நாளை காலை சாமான் எடுக்கக் கண்ணாடித் துவானைக் குளுவாங் டவுனுக்கு லோரியில் ஏற்றிப் போக வேண்டும். தோட்டத்தை இப்போது ஆளும் ஜப்பான் அதிகாரி. பெயர் வாயில் நுழையாது, கண்ணாடி போட்டிருக்கிறான், அதனால் அந்தப் பெயர்; துவான் என்றால் மலாயில் துரை. டேங்கில் டீசல் தரை தட்டியது. ஷெட் மூலையில் சாக்குத்துணி அடைத்த டின் ஒன்று. சாக்கு அடைத்தால் டீசல், கட்டை அடைத்தால் தண்ணீர்: நான் வைத்த சட்டம். முழுவதையும் ஊற்றியாச்சு.

டயரில் ஒட்டு ஆறு. ரேடியேட்டர் தண்ணீர் சரி. படுக்கணும்.

ஜூன் 10, வியாழன்

காலையில் லோரி இரண்டு முறை இருமியது. அப்புறம் ஓட்டம் என்றால் ஓட்டம். ரெங்கம் தாண்டியதும் நாய்கள் துரத்தல், முதலில் இரண்டு, பிறகு ஏழு. குளுவாங் கடைத்தெருவில் ஆட்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்கள். கண்ணாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். பாதி மலாய், பாதி கைச்சாடையில் கேட்டான்: யார் வடை சுடுவது?

எனக்கு ஒரு வாசமும் இல்லை. "தெரியாது துவான்."

வீடு திரும்பினால் செசிலி ஷெட்டில் காலி டின்னைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, இதுல இருந்தது எங்க?"

"டேங்குல."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் எண்ணெய்! ஞாயிறு அந்தோணியார் திருநாள். ரொட்டி பங்கிடுவது வழக்கம், மாவுக்கு எங்கே போவது, அதனால் மரவள்ளி வடை என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் முடிவு. வீட்டுக்குத் தினம் ஒரு கரண்டி, இரண்டு மாதமாய்ச் சேர்த்தது. சிப்பாய்கள் அடுப்படியைக் கிளறுவார்கள், டீசல் டின்னைத் தொடமாட்டார்கள் என்று என் ஷெட்டிலேயே ஒளித்திருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துகிட்டே போய் அவன்கிட்டயே சொல்லிடுவீங்க."

அது உண்மைதான். சோறு போட்டாள். பேசவில்லை.

ஜூன் 11, வெள்ளி

கண்ணாடி டேங்க் மூடியைத் திறந்து, விரலை விட்டு, நக்கிப் பார்த்தான். தலை போயிற்று என்று நினைத்தேன். "பகுஸ்!" என்று முதுகில் ஒரு தட்டு. டீசல் இல்லாமல் லோரி ஓட்டக் கண்டுபிடித்தவனாம் நான். பெரிய மூளையாம்.

சந்தோஷம் அரை மணி நேரம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"அந்தோணி, உன் பேர சயாம் லிஸ்டுல எழுதச் சொல்லிட்டான்பா. அங்க டீசல் இல்லையாம். உன்னைய மாதிரி ஆள்தான் வேணுமாம். வியாழக்கெழம ரயில்."

சயாம். போன மாதம் அங்கே ரயில் பாதை போடப் போனவர்களிடமிருந்து ஒரு சேதி இல்லை. செசிலிக்கு ஆறு மாதம். என் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேன் என்று பயமாய் இருக்கிறது. பயமாய்த்தான் இருக்கிறது, எழுதினால் என்ன.

சளி விட்டுவிட்டது. ஷெட் முழுக்க வடை வாசம்.

ஜூன் 13, ஞாயிறு

திருநாள். வடை இல்லை. அவித்த மரவள்ளி. பூசை முடிந்ததும் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை!

அடுத்த வீட்டு ஞானம்மா: "என்ன டிரைவரே, அந்தோணியார் பங்க லோரிக்கே குடுத்துட்டீங்களாம்?"

நாளை ஒரு பெரிய அதிகாரி லோரியைப் பார்க்க வருகிறார். கண்ணாடி மீசையைக்கூட வெட்டிக்கொண்டான். டேங்கில் எண்ணெய் தீர்ந்தது. தேங்காய் எண்ணெய்க்கு ஆள் அனுப்பச் சொன்னானாம்.

செசிலி நேற்றிலிருந்து பேசுகிறாள். பேசுவது எல்லாம் இதுதான்.

"அவன் காருக்கு ஊத்துற எண்ணெய லோரிக்கு ஊத்துனா?"

ரப்பரைக் காய்ச்சி இறக்கும் பெட்ரோல் அது. டீசல் என்ஜினுக்கு எமன். ஊற்றியவன் கழுத்து தப்பாது என்றேன்.

"நீங்க ஏன் ஊத்துறீங்க? அவன் கையாலயே ஊத்த வைங்க."

இவளைக் கட்டி ஐந்து வருஷம். இன்றைக்குத்தான் பயந்தேன்.

ஜூன் 14, திங்கள்

நல்ல வெயில். நடந்ததை வரிசையாய்:

பெரிய அதிகாரி வந்தார், வாள் தரையில் இழுபட. நான் குனிந்தேன், குனிந்தபடியே கண்ணாடியிடம் கேட்டேன்: "துவான், தேங்காய் எண்ணெய் இன்னும் வரல. ரப்பர் எண்ணெய் நெறைய இருக்கு. உங்க கார் அதுலதான ஓடுது? எல்லாம் எண்ணெய்தான?"

பெரியவர் முன்னால் தெரியாது என்று சொல்வானா? கையுறையைக் கழற்றிவிட்டு டின்னைத் தானே தூக்கினான். தானே ஊற்றினான். கடைசிச் சொட்டு வரைக்கும்.

நாற்பது அடி ஓடியது. சீனப் பெருநாள் வெடி மாதிரி படபடவென்று ஒரே சத்தம். கரும்புகை. கோழிகள் கூரையில். லோரி நின்றது.

அலமாக்!

பெரியவர் கண்ணாடியை ஓர் அறை. கண்ணாடி என்னை ஓர் அறை, "பகெரோ!" மடையனாம். எனக்குக் கீழே ஆள் இல்லை, அதனால் அதோடு நின்றது. கடைவாய்ப் பல் ஒன்று போச்சு.

பெரியவர் உத்தரவு: இந்த மடையனைச் சயாமில் என்ஜின் பக்கம் விடக்கூடாது. இங்கேயே உட்கார்ந்து கழற்றிச் சுத்தம் பண்ணட்டும். லோரி ஓடும் வரை தோட்டத்தை விட்டு ஓர் அடி நகரக்கூடாது.

கிராணியார் என் கண் முன்னால் என் பெயரைக் கோடு போட்டு அடித்தார். செசிலி வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள், பிறகு நானும்.

ஜூன் 17, வியாழன்

மேகமூட்டம். காலையில் ரெங்கம் பக்கம் சயாம் ரயில் ஊதியது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். செசிலி வந்து பக்கத்தில் நின்றாள். சத்தம் அடங்கியதும் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பெண்கள் மறுபடி கரண்டி கரண்டியாய் எண்ணெய் சேர்க்கிறார்கள். பிள்ளை ஞானஸ்நானத்துக்கு வடையாம். டின் எங்கே என்று செசிலியிடம் கேட்டேன். சொல்லமாட்டாளாம்.

என்ஜினில் ஒரு ஸ்க்ரூ கழற்றினேன். இன்றைக்கு அது போதும்.